மேல் மூலைக் கட்டம்

ஜனவரி 22, ஞாயிறு

அம்மா ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் ஜோசியர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். பொருத்தம் சுமார்தானாம். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறந்த நேரத்தை வைத்து ஒரு ஆளை எடைபோடுவதாவது! திருமூர்த்தியை நான் ஒரு வருஷமாக ஞாயிறுதோறும் என் வீட்டு மேசையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதைவிட என்ன ஜாதகம் வேண்டும்?

பின்னால் இதைப் படிக்கப் போகிறவருக்கு (பெரும்பாலும் நானேதான்) கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எங்கள் ஆட்டத்தில் நான் கதை நடத்துபவன். கோட்டை, காடு, அரக்கன், அரசன் எல்லாம் என் வாயிலிருந்து வருபவை. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். ஒரு இக்கட்டு வரும்போது தன் பாத்திரம் என்ன செய்யும் என்று அவரவர் சொல்ல வேண்டும், பகடையை உருட்ட வேண்டும். ஆட்டம் முடிந்து டீ வந்ததும் 'சாய்வு பார்ப்பது' என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அட்டையில் ஒன்பது கட்டங்கள். இடமிருந்து வலமாகச் சட்டம், நடுநிலை, கலகம். மேலிருந்து கீழாக நன்மை, நடுநிலை, தீமை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு சட்டைப் பொத்தான். அன்றைக்கு அந்தப் பாத்திரம் நடந்துகொண்டதைப் பார்த்து நான் பொத்தானை நகர்த்துவேன். வாதாடலாம், கெஞ்சலாம், டீயோடு முறுக்கும் கொடுத்துப் பார்க்கலாம். தீர்ப்பு என்னுடையது.

திருமூர்த்தியின் வீரனுக்குத் தருமசீலன் என்று பெயர். அவனுடைய பொத்தான் மேல் இடது மூலையில், சட்டமும் நன்மையும் சேருகிற கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு வருஷமாக நான் அதைத் தொடவே இல்லை. கொள்ளைக்காரனிடம் கொடுத்த வாக்கைக்கூடக் காப்பாற்றியவன் அவன். ஆளும் அப்படித்தான். தணிக்கைத் துறையில் வேலை, பொள்ளாச்சிப் பக்கம் தோட்டம், சிகரெட் கிடையாது, குரல் உயர்த்திப் பேசியதே கிடையாது. என் தங்கை கோதைக்கு இவரை விட்டால் ஆள் கிடைக்காது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 30, திங்கள்

நேற்று உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்தாயிற்று. இனி பேச்சு மாற முடியாது. வைகாசியில் கல்யாணம்.

கோதை அதிகம் கேட்கவில்லை. "உனக்கு அவரை நல்லாத் தெரியுமில்லண்ணா? அப்பச் செரி" என்றாள். அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்கிற பெண், ஒரு நாளைக்கு எத்தனை முதுகு, எத்தனை முழங்கால். மனிதர்களைப் படிக்க அவளுக்கு நேரம் ஏது? அதற்குத்தான் அண்ணன் இருக்கிறேன்.

ஆபீஸில் ரெஜினாவிடம் சொன்னேன். பம்ப் கம்பெனியில் என் அடுத்த மேசை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்திலும் ஒரு ஆள். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், "விளையாட்டுல நல்லவனா இருக்கறதுல என்ன கஷ்டம் கிருபா?" என்றாள். பேசுகிறவள் யார்? திருடி வேஷம் போடுகிறவள். அவளுடைய பொத்தான் கலகத்தின் பக்கம் தரைதட்டிக் கிடக்கிறது.

பிப்ரவரி 5, ஞாயிறு

கோதையையும் ஆட்டத்தில் சேர்த்தேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. மருத்துவச்சிப் பாத்திரம் எடுத்துக்கொண்டாள். பெயர் நீலி. முதல் நாளே பகடையை மேசைக்கு அடியில் உருட்டிவிட்டாள். எல்லோரும் சிரித்தோம்.

கதை இப்படிப் போயிற்று. அரசனுடைய காட்டில் மரம் வெட்டிய ஒரு கரிசுடுபவனைப் பிடித்துவிட்டார்கள். கூட்டாளிகள் யார் என்று அவன் சொல்ல மாட்டேன் என்கிறான். அவன் மனைவி தருமசீலனின் காலில் விழுந்து, அடிக்காதீர்கள் என்று அழுகிறாள். "அடிக்க மாட்டேன், வாக்கு" என்றார் திருமூர்த்தி. அடிக்கவும் இல்லை. கரிசுடுபவனைக் கையைக் கட்டி வெயிலில் நிற்க வைத்தார். உட்காரக் கூடாது, அவ்வளவுதான். தண்ணீர்ப் பானையை அவன் கண் பார்க்கிற இடத்தில் வைத்தார். "அவனா சொல்லட்டும். எனக்கு அவசரமில்லீங்க."

நீலி கயிற்றை அவிழ்த்து அவனை ஓட விட்டுவிட்டாள். யார் அவிழ்த்தது என்று தருமசீலன் கேட்டபோது தெரியாது என்று சொல்லிவிட்டாள்.

டீ வந்தது. சாய்வு பார்த்தேன். தருமசீலன் வாக்கு மீறவில்லை, ரத்தம் சிந்தவில்லை. பொத்தான் அங்கேயே இருந்தது. நீலியைக் கலகத்தின் பக்கம் ஒரு கட்டம் நகர்த்தினேன். தங்கை என்பதற்காகச் சலுகை காட்ட முடியுமா? ரெஜினா முறுக்கைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

கிளம்பும்போது திருமூர்த்தி செருப்பை மாட்டிக்கொண்டே, மெதுவாக, "எங்கிட்டப் பொய் சொல்லிட்டீங்க கோதை" என்றார். நீலி என்று சொல்ல வேண்டியது. ஆட்டச் சூட்டில் பெயர் மாறிவிட்டது.

பிப்ரவரி 9, வியாழன்

கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது. அம்மா இட்லி இல்லை என்று அறிவித்துவிட்டாள். மூன்று நாள் உப்புமா.

பிப்ரவரி 16, வியாழன்

காந்திபுரத்தில் பெல்ட் வாங்கினேன். அளவு தப்பு. மறுபடி போக வேண்டும்.

திருமூர்த்தி ஒரு ஒழுங்கு ஏற்பாடு செய்திருக்கிறார். கோதை ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது ஒரு போன், வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் ஒரு போன். அக்கறை. செவ்வாய்க்கிழமை அவள் மறந்துவிட்டாள். வேறு ஒருவராக இருந்தால் தாம்தூம் என்று குதித்திருப்பார். இவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. நேற்று முழுக்கப் போன் எடுக்கவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கு எடுத்து, "நீங்க என்ன தப்பு பண்ணுனீங்கன்னு நீங்களே சொல்லுங்க கோதை" என்றாராம். அவள் சொன்னாளாம். "இன்னும் முழுசா வர்லீங்" என்று மறுபடியும் சொல்லச் சொன்னாராம்.

கோதை இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். தணிக்கைக்காரர் இல்லையா, வவுச்சர் சரியாக இருக்கிற வரை விடமாட்டார் என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. சோர்வாக இருந்திருப்பாள்.

பிப்ரவரி 26, ஞாயிறு

இன்றைய ஆட்டம் கொஞ்சம் கனமாகப் போய்விட்டது.

போருக்குப் புறப்படும் முன் கூட்டாளிகள் எல்லோரும் தன்னிடம் பொய் சொல்வதில்லை என்று சபதம் செய்ய வேண்டும் என்றான் தருமசீலன். ரெஜினாவின் திருடி சிரித்துவிட்டு ஜன்னல் வழியாகக் குதித்துப் போய்விட்டாள். (ரெஜினா நிஜமாகவே நாற்காலியை விட்டு எழுந்து டீ போடப் போனாள்.) நீலி மட்டும் மாட்டிக்கொண்டாள். கோதை பேச்சை மாற்றிப் பார்த்தாள், பகடை உருட்டலாமா என்று என்னைக் கேட்டாள். திருமூர்த்தி பேசாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவள், "செரி, சபதம்" என்றாள்.

அதற்கப்புறம், காயம்பட்ட எதிரிப் பெண் ஒருத்தியை நீலி வைக்கோல் போருக்குள் ஒளித்துவைத்தாள். தருமசீலன் கேட்டான். யாரும் இல்லை என்றாள். அவன் வைக்கோலைப் பிரித்துப் பார்த்தான்.

"தீர்ப்பு அடுத்த வாரம் சொல்றனுங்க" என்று திருமூர்த்தி எழுந்துவிட்டார். ஒரு நல்ல இடத்தில் கதையை நிறுத்தத் தெரிந்தவர். கதை நடத்துகிற எனக்கே அது தோன்றவில்லை.

மார்ச் 2, வியாழன்

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் கோதையின் போனை எடுக்கவில்லை. என்னிடம் சாதாரணமாகத்தான் பேசுகிறார். பத்திரிகையில் பெரியப்பா பெயரை எங்கே போடுவது என்று விசாரித்தார். கோதையைப் பற்றிக் கேட்டேன். "தீர்ப்பு வர்ற வரைக்கும் பேசறது முறையில்லீங்க மச்சான்" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்திருப்பார். போனில் கேட்கவில்லை.

பாத்திரத்தில் இவ்வளவு ஊறிப்போகிற ஆட்டக்காரரை நான் பார்த்ததில்லை.

கோதை ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. புதுப் பெல்ட் சரியாக உட்கார்ந்துவிட்டது. இட்லி பஞ்சு மாதிரி இருந்தது. வீணாகப் போயிற்று.

மார்ச் 3, வெள்ளி

காலையில் மாடியில் துணி காயப் போடும்போது கோதை வந்தாள். ஒரு போர்வையை இருவரும் ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கிப் பிழிந்தோம்.

"ண்ணா, அவரு வெளையாடல."

"என்ன?"

"ரெஜினாக்கா வெளையாடறாங்க. நீ வெளையாடற. அவரு வெளையாடல. அந்தக் கரிசுடறவன நிக்க வெச்சாரில்ல, அப்ப அவரு மூஞ்சியப் பாத்தியா? எனக்குப் பயமா இருக்குதுண்ணா."

நான் பொறுமையாக விளக்கினேன். பாத்திரம் வேறு, ஆள் வேறு. மேசையில் ஒருவர் செய்வதை வைத்து அவருடைய குணத்தை முடிவு செய்யக் கூடாது, புதிதாக ஆட வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது என்று சொன்னேன்.

கோதை போர்வையைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினாள். "அப்ப நீ எத வெச்சு அவர நல்லவருன்னு சொன்ன?"

கீழே குக்கர் விசில் அடித்தது. நான் போய் அணைத்தேன். திரும்பி வந்தபோது அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள். அவள் கேட்டதற்குப் பதில் இருக்கிறது. நிதானமாக உட்கார்ந்து எழுத வேண்டும்.

மார்ச் 5, ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

திருமூர்த்தி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். அம்மாவுக்கு ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். மேசையில் தண்ணீர் டம்ளரைச் சரியாக நடுவில் வைத்துவிட்டு, தீர்ப்பைச் சொன்னார். நீலியைக் கோட்டைக்குக் கீழே உள்ள அறையில் வைப்பது. யாரும் கை வைக்கக் கூடாது. மூன்று வேளை சாப்பாடு. விளக்கு உண்டு. பேச மட்டும் யாரும் இருக்க மாட்டார்கள். தான் செய்தது தப்பு என்று அவளாகவே, மனசாரச் சொல்கிற வரைக்கும் உள்ளேயே இருக்க வேண்டும்.

"எத்தன நாளைக்கு?" என்று ரெஜினா கேட்டாள்.

"அது அவங்க கையில இருக்குதுங்க. ஒரு வருஷம் ஆகலாம், பத்து வருஷம் ஆகலாம். எனக்குப் பொறுமை சாஸ்திங்க."

"அவ சொல்லலைன்னா?" என்றாள் கோதை.

"சொல்லுவாங்க." அவர் அட்டையைப் பார்க்கவில்லை, பகடையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். "எல்லாரும் சொல்லீருவாங்க கோதை."

டீ வரவில்லை. யாரும் போடப் போகவில்லை. "கிருபா, சாய்வு பாரு" என்றாள் ரெஜினா. "அந்தப் பொத்தான இப்பவே நகத்து."

நான் விதிகளை வரிசையாக எடுத்துப் பார்த்தேன். சபதம் மீறப்பட்டிருக்கிறது. தண்டிக்கும் உரிமை தருமசீலனுக்கு இருக்கிறது. வன்முறை இல்லை. திருந்த வாய்ப்பு கொடுத்திருக்கிறான். விதிப்படி பார்த்தால் ஒரு குறையும் இல்லை. என் விரல் பொத்தானின் மேல்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அதை நகர்த்தினால் அது ஒரு பொத்தானோடு நிற்குமா? பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. அம்மா பட்டு எடுத்துவிட்டாள்.

"ண்ணா," என்றாள் கோதை. "நீயே சொல்லு. இது எந்தக் கட்டம்?"

"சட்டம்," என்றேன். "நன்மை."

அவள் தலையை ஆட்டினாள். கோபப்படவில்லை. எழுந்து போய், டீ ஊற்றாமலே கிடந்த டம்ளர்களை எல்லாம் எடுத்துக் கழுவி வைத்தாள். திருமூர்த்தி எனக்குக் கைகொடுத்தார். அவர் கை வியர்க்கவே இல்லை, சில்லென்று இருந்தது.

மார்ச் 7, செவ்வாய்

கோதை வேலைக்குப் போனவள் வீட்டுக்கு வரவில்லை. அம்மாவுக்கு மட்டும் போன் செய்தாள். நல்லபடியாக இருக்கிறேன், இந்தக் கல்யாணம் வேண்டாம், எங்கே இருக்கிறேன் என்று இப்போது கேட்காதே என்றாளாம். என்னிடம் கொடு என்று அம்மா சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

ரெஜினாவை கேன்டீனில் பிடித்தேன். அவள் தங்கியிருக்கிற பெண்கள் விடுதியிலேயே கோதைக்கு ஒரு கட்டில் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். "நீ கவலப்படுவன்னுதான் சொல்றேன். அவன்கிட்ட மட்டும் வாயத் தொறந்துடாத, உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்" என்றாள். நிஜமாகவே கும்பிட்டாள். கேன்டீனில் எல்லோரும் பார்த்தார்கள்.

மார்ச் 9, வியாழன்

சாயங்காலம் திருமூர்த்தி வந்தார். செருப்பை நேராகக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். அம்மா தண்ணீர் கொடுத்தாள். முழுவதும் குடித்தார்.

"ஏனுங் மச்சான், கோதை எங்கீங்க?"

தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் மறுக்கவில்லை, கோபப்படவில்லை. கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தெருவில் தண்ணீர் லாரி வந்தது, குடங்கள் நிறைந்தன, லாரி போயிற்று. அவர் அப்படியே இருந்தார்.

"உங்களுக்குப் பொய் வராதுங்க மச்சான். அதனாலதான் உங்களக் கேக்கறேன்."

சொல்லிவிட்டேன். விடுதி இருக்கிற தெரு, பக்கத்தில் பேக்கரி, எல்லாம். இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்றுதான் சொன்னேன். ஒரு மனிதருக்கு விளக்கம் கேட்கவாவது உரிமை உண்டு. வேறு எந்தக் காரணமும் இல்லை.

வாசல் வரை போனவர் திரும்பினார். "அந்த ஆஸ்டலுக்குப் பின்வாசல் இருக்குதுங்களா?"

தெரியாது என்றேன். இது நிஜம். எனக்குத் தெரியாது.

அவர் போனதும் அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். கையெல்லாம் மாவு. "ஏஞ்சாமி, பேசறதுக்குப் போறவன் பின்வாசல எதுக்குக் கேக்கறான்?"

கோதைக்குப் போன் போட்டேன். நாலாவது தடவை எடுத்தாள். அவர் வருகிறார் என்றேன்.

"நீ சொன்னியாண்ணா?"

"ஆமா."

வைத்துவிட்டாள். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. என்ன காரணம் எழுதினாலும் வெட்கம் போகவில்லை.

மார்ச் 10, வெள்ளி

லீவு சொல்லிவிட்டு விடுதிக்குப் போனேன். அவர் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். கேட்டுக்கு எதிரில், வேப்பமரத்தடியில், பைக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். ரெஜினா காலையிலேயே போலீசுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். அடித்தாரா, மிரட்டினாரா, உள்ளே நுழைந்தாரா என்று கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

பக்கத்தில் போய், வீட்டுக்குப் போகலாம் வாங்க, இது சரியில்லை என்றேன்.

"என்னங்க சரியில்ல? ரோடு பொதுதானுங்களே. நான் யாரையும் தொடல, கூப்புடக்கூட இல்ல. அவங்களா வந்து சொல்லட்டும்."

"திருமூர்த்தி, இது ஆட்டம் இல்லீங்க. அவ பயந்து கெடக்கறா."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு, ஒரு வருஷமாக என் மேசையில் பார்த்த அதே சிரிப்பு.

"நீங்கதானுங்களே மச்சான் நன்மைன்னு சொன்னீங்க?"

மேலே இரண்டாவது மாடி ஜன்னலில் ஒரு திரை கொஞ்சம் விலகி மறுபடி மூடிக்கொண்டது. அது கோதையின் அறையா என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒரு ஜன்னலை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாட்ச்மேன் பெரியவர் சங்கடத்தோடு வந்தார். "காத்தாலிருந்து உக்காந்திருக்காருங்க. கேட்டா, அந்தப் புள்ளயக் கட்டிக்கப் போறவருன்னு சொல்றாரு. சாயங்காலம் உள்ள வரவேற்பறையில உக்கார வெக்கச் சொல்லிக் கேக்கறாரு. நீங்க அந்தப் புள்ளக்கு அண்ணனாமே? இவிங்க உங்களுக்கு ஒறம்பரைங்களா, சொந்தக்காரருங்களா?"

இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள். விதிகள் எதுவும் நினைவுக்கு வரவில்லை. "இல்லீங்க" என்றேன். "எங்களுக்கு இவன் யாருமே இல்ல. எந்தக் காரணம் சொன்னாலும் உள்ள விட்றாதீங்க." அவன் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். முகம் மாறவில்லை.

"நீங்களுமா மச்சான் பொய் சொல்றீங்க" என்றான். என்னைப் பார்த்து உண்மையிலேயே வருத்தப்பட்ட மாதிரி இருந்தது.

மார்ச் 11, சனி

நேற்று இருட்டும் வரை அவன் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நான் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். போகும்போது வண்டியைக் கிளப்பிவிட்டு, வாட்ச்மேனுக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனான்.

இன்று காலை பால் வண்டி வருவதற்கு முன்பே வந்துவிட்டான். அதே மரத்தடி. கையில் ஒரு தண்ணீர் பாட்டில், மடித்து வைத்த துண்டு. பத்திரிகைகளை அச்சாபீஸிலிருந்து வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அதையும் அவனிடம் சொன்னேன். "பரவால்லீங்க, திருப்பி அச்சடிச்சுக்கலாம்" என்றான்.

கோதை ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லியிருக்கிறாள். இரண்டு நாளாகக் கீழே இறங்கவில்லையாம். ரெஜினாதான் சாப்பாட்டை மேலே கொண்டுபோகிறாள், மூன்று வேளையும். விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறதாம். யாரிடமும் பேச மாட்டேன் என்கிறாளாம். என்னிடம் பேசுவாளா என்று ரெஜினாவை விட்டுக் கேட்டேன். பதில் இல்லை.

சாயங்காலம் கிளம்பும்போது அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, நாளைக்கும் வருவேன் என்றான். வருவான். திங்கட்கிழமையும் அவள் வேலைக்குப் போகாவிட்டால் வேலை போய்விடும். காலை ஏழு மணிக்கு அவள் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.